கனக்காத மேகம்

வெள்ளானூருக்கு மேலே மேகம் கறுத்து வந்து நின்றது. தாட்சாயிணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இந்த ஆடி முழுக்க இதே கூத்துதான். கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரன் மாதிரி ஜம்பமாக வந்து நிற்கும், மொய் எழுதாமல் நழுவிவிடும். அதை நம்பித்தான் அரைக்கீரை தூவியிருந்தாள். போர்க்கிணறு வற்றிக் காற்றைத்தான் இறைத்தது. முளைகள் தலைசாய்ந்து கிடந்தன; இன்று ஒரு நனைப்பு நனையாவிட்டால் பாத்தி அவ்வளவுதான்.

மகள் திவ்யா காலேஜில் கேட்டு வந்ததை நேற்று சாப்பிடும்போது சொன்னாள். "மேகத்துல பொகத்தூளு ஜாஸ்தியாச்சுன்னா, ஒவ்வொரு தூள்லயும் கொஞ்சூண்டு தண்ணி ஒட்டிக்குமாம். எல்லாம் பொடிப்பொடி சொட்டு. கனக்கவே கனக்காதாம். அப்பறம் எப்டிம்மா கீழ விழும்?"

அவள் அப்பா வரதன் அடுத்த கவளத்தை உருட்டினான். ஊர்க்கோடியில் பழைய டயரை வேகவைத்து எண்ணெய் எடுக்கும் பட்டறையில் உலை எரிப்பவன் அவன்தான். அவன் கூலியில்தான் திவ்யா படிக்கிறாள். அந்த உலைப் புகையும் மேகத்துக்குத்தான் போகிறது. பேசி என்ன ஆகப்போகிறது என்ற அலுப்பு மூன்று பேருக்குமே இருந்தது.

இப்போது வரப்பில் செருப்புச் சத்தம். பார்த்தால் வரதன். இருட்டிய பிறகுதான் வருகிற மனிதன்.

"இன்னாய்யா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"அதெல்லாம் ஒண்ணியும் இல்ல. மேகத்தப் பாத்தேன். வெறவ இஸ்து வெளிய போட்டு ஒலைய அணிச்சிட்டேன்."

"உள்ள கீற சரக்கு?"

"பாதி வேக்காட்டுல கீது. நாளைலேந்து வராதன்ட்டாரு மொதலாளி."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "ஒரு ஒலைய அணிச்சா மய வந்துருமா? அம்பத்தூர் பாக்டரிங்க பக்கம் எம்மாம் பொக போவுது பாரு."

"தெரியும்மே. இன்னிக்கு ஒரு நாளாவது நம்ம பொக வேணாம்னு தோணிச்சு."

இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். நாலைந்து சொட்டு விழுந்தது. மண் வாசனைகூட எழும்பவில்லை. மேகம் கிழக்கே நகர்ந்து, வானம் வெளுத்துவிட்டது.

வரதன் வரப்பில் உட்கார்ந்தான். முழங்கை வரை கரி. அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் குடத்தை எடுத்து வந்தாள்.

"கையக் கய்வு. அங்க இல்லய்யா, பாத்திப் பக்கம் வா."

அவன் குனிந்து கைகளைத் தேய்த்தான். அவள் சிறுகச் சிறுக ஊற்றினாள். கரி கரைந்த தண்ணீர் முளைகளுக்கு நடுவே கறுப்பாக ஓடி, ஒரு சாண் மண்ணை நனைத்தது.