பெரிய முள் பற்றிய கோப்பு

பூட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் அளப்பு. அநியாயம்தான். முப்பத்தெட்டு வருடமாக அவர் அளந்தது ஒரே ஒரு கதை. கல்லூரியில் பரீட்சை நடந்த ஒரு பகலில் எதிரே இருந்த மணிக்கூண்டுக் கடிகாரம் நின்றுவிட்டது. கதவுப் பூட்டைப் பழுதுபார்க்க மேலே போயிருந்தவர், சாளரம் வழியாக வெளியே இறங்கி, விளிம்பில் நின்று, விநாடிகளை எண்ணிக்கொண்டே பெரிய முள்ளை நாற்பது நிமிடம் கையால் தள்ளினார். பிள்ளைகள் நேரம் பார்த்துப் பரீட்சை எழுதி முடித்தார்கள். இதற்குச் சாட்சி கிடையாது. அண்ணாந்து பார்த்த அத்தனை பேரும் கடிகாரம் ஓடுகிறது என்றல்லவா நினைத்தார்கள்.

மகளைக் கொடுத்த வீட்டில், பத்துப் பேர் முன்னால், சம்மந்தி கேட்டார்:

"ஏன் சம்மந்தி, சின்ன முள்ளைத் தள்ள யாரை வச்சிருந்தீங்க?"

வீடே சிரித்தது. பூட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்த அவர் மனைவி தையல்காரம்மா, மறுநாள் காலை மெஷின் மேலேயே காகிதத்தை விரித்து, மணிக்கூண்டுக் கோப்பைப் படிக்க வேண்டுமென்று அரசு ஆவணக் காப்பகத்துக்கு மனு எழுதினார்.

பதில் வந்தது. 'கோப்பு உள்ளது. அரசுக் கடிகாரம் நின்ற விவரம் வெளியானால் அரசின் மதிப்பு குறையும் என்பதால் தர இயலாது.'

"பாரு, அவங்களே ஒத்துக்கிட்டாங்க. இது போதும், விடு" என்றார் பூட்டுக்காரர்.

"கடிகாரம் நின்னதுக்கு இது போதும். நீங்க வெளியில நின்னதுக்கு?"

தையல்காரம்மா மேல்முறையீடு செய்தார். விசாரணை நாளில் காப்பக அலுவலர் அந்தக் கோப்பைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்து உட்கார்ந்திருந்தார்.

"இது ரகசியம்மா."

"ஊரே அண்ணாந்து பாக்கணும்னுதானே சார் கடிகாரத்த அவ்வளவு ஒசரத்துல வச்சீங்க? அதுல என்ன ரகசியம்?"

விசாரணை அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார். "கோப்பைக் குடுங்க. அம்மா இங்கேயே உக்காந்து படிக்கட்டும். முத்திரை போட்டு நகலும் குடுத்துடுங்க."

பழுப்பேறிய தாளில் பொறியாளரின் அறிக்கை: 'பூட்டுக்காரர் ஒருவர் அனுமதியின்றி வெளிப்புறம் இறங்கி, பெரிய முள்ளை இரண்டு மணி இருபது நிமிடம் கையால் நகர்த்தினார். என் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டேன். பிழை பதினோரு விநாடி. எச்சரித்து அனுப்பப்பட்டார்.'

தையல்காரம்மா அதை மூன்று முறை படித்தார். வீட்டுக்கு வந்ததும் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏங்க, ரெண்டு மணி இருபது நிமிஷத்தையா நாப்பதுன்னு சொல்லிக்கிட்டிருந்தீங்க?"

அவர் கையிலிருந்த பூட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நாப்பதையே எவனும் நம்பல."

ஞாயிற்றுக்கிழமை நகல் சம்மந்தி கைக்குப் போனது. "சத்தமாப் படிங்க, நான் கண்ணாடி எடுத்துட்டு வரல" என்றார் தையல்காரம்மா. கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது.

உட்கார்ந்து படிக்க ஆரம்பித்த சம்மந்தி, முடிக்கும்போது எழுந்து நின்றிருந்தார். மகள் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து, தலை நிமிர்ந்து நின்றாள்.

"அந்தப் பதினோரு விநாடி என்ன ஆச்சு சம்மந்தி?" குரலில் கேலி இல்லை.

"நடுவுல ஒரு தும்மல்."

யாரும் சிரிக்கவில்லை.

"தும்மலுக்கும் கோப்பு வேணும்னா சொல்லுங்க, நாளைக்கே மனு போட்டுடறேன்" என்றார் தையல்காரம்மா.

"வேண்டாம்மா, நம்பறேன்" என்றார் சம்மந்தி.