எய்லீனோடு சாய்ந்த வீடு

1983 மார்ச்சில் எய்லீன் பிரஸ்காட்டுக்கு வலது இடுப்பு வலிக்க ஆரம்பித்த அன்று, அவள் வீடு வலப்பக்கமாக ஒரு விரற்கடை சாய்ந்தது. கலோரா என்ற ஆற்றோர ஊரில் வெள்ளத்துக்குப் பயந்து எல்லா வீடுகளையும் ஆளுயர மரக்கால்கள் மேல்தான் கட்டுவார்கள். அதனால் யாரும் ஆச்சரியப்படவில்லை. கறையான் என்றார்கள். அவள் கணவன் லெஸ்ஸுக்கு வீடு தூக்குவதுதான் தொழில். சனிக்கிழமை ஜாக்கி வைத்து நிமிர்த்தினான். திங்கட்கிழமை எய்லீன் தபால் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது வீடு மறுபடி சாய்ந்திருந்தது. அவன் பதினெட்டு மரக்காலையும் தட்டிப் பார்த்தான். ஒன்றில்கூடக் கறையான் இல்லை.

எய்லீன் இருபத்தோரு வருடமாக ஒரே தோளில் தபால் பையைச் சுமந்து கரும்புக்காட்டு வழியெல்லாம் நடந்தவள். வலியைப் பற்றி வாய் திறக்கவில்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளால் பை கனத்த வாரங்களில் வீடு இரண்டு விரற்கடை இறங்கும். சாப்பிட வரும் பக்கத்துக் கரும்புக்காட்டுக்காரர் கமிலேரி, "எனக்கு இந்த ஓரமா சூப்பு ஊத்தும்மா, அந்த ஓரத்துல தட்டு நிக்க மாட்டேங்குது" என்பார். இப்படி மூன்று வருடம் போயிற்று. 1986 ஆகஸ்டில் சாய்வு ஏழு விரற்கடை. இன்னும் ஒன்று கூடினால் வீடு மரக்காலை விட்டு நழுவிவிடும் என்று லெஸ்ஸுக்குத் தெரியும். சாய்வு பார்க்கும் ரசமட்டத்தோடு படியேறி வந்து சமையலறை வாசலில் நின்றான். அவள் உட்கார வந்தாள். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு, வீட்டைப் போலவே வலப்பக்கம் சாய்ந்து, நின்றபடியே இருந்தாள். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

"எங்க வலிக்குது உனக்கு?"

"ஒண்ணுமில்ல. வயசாகுதுல்ல."

"மூணு வருஷமா வீட்டைத் தூக்கிட்டிருக்கேன், எய்லீன். தப்பான ஆளைத் தூக்கிட்டேன் போல."

அவள் சிரித்தாள். சிரிப்பு முடியுமுன்னே அழுகையாயிற்று. வேலையை விடச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து மறைத்ததாகச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமைகளில் ஊர் ஆஸ்பத்திரிக்குப் பெட்ரா என்ற பிசியோதெரபிஸ்ட் வருவாள். அவள் எய்லீனின் இடுப்புக்கு வெளிப்பக்கம் துருத்தும் எலும்பை அழுத்தினாள். எய்லீன் துள்ளினாள்.

"இந்தப் பக்கம் படுத்து எவ்வளவு நாளாச்சு?"

"ரெண்டு வருஷம்."

"குனிஞ்சு ஷூ லேஸ் கட்ட முடியுதா? தொடை இடுக்குல வலிக்குதா?"

"கட்டுறேன். அங்க வலியே இல்ல."

"அப்போ உங்க மூட்டு நல்லாத்தான் இருக்கு. தசையை எலும்போட சேர்த்துப் பிடிச்சிருக்கிற நாண்தான் நைஞ்சுபோச்சு. சும்மா படுத்திருந்தா ஆறாது. கொஞ்சம் கொஞ்சமா வேலை கொடுத்துப் பழக்கணும்."

ஒரு காலில் சாய்ந்து நிற்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, இடப்பக்கம் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை, ஊன்றுகோல் இடது கையில், சுவரோரம் தினமும் பயிற்சி. பைக்குப் பதில் தள்ளுவண்டி தரச் சொல்லித் தபால் நிலையத்துக்கும் எழுதிக் கொடுத்தாள். வண்டி வந்தது. எய்லீனிடம் எப்போது கேட்டாலும் "பரவாயில்லை" என்றே சொன்னதால், லெஸ் வாராவாரம் வீட்டை அளந்து வந்து பெட்ராவிடம் சொன்னான். அவள் அதையும் சீட்டில் குறித்துக்கொண்டாள். பதினோராவது வாரம் சாய்வு ஒரு விரற்கடை திரும்பக் கூடியது. அவசரப்பட்டு எய்லீன் கோழிக்கொட்டகையைக் கழுவியிருந்தாள். எட்டு மாதத்தில் ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நின்றது. அன்று அவள் ஆறு வரை நடந்து போய், கால்களை நனைத்துவிட்டு வந்தாள்.

1994இல் ஒரு காலையில் அவள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது கோப்பை இடப்பக்கமாக நகர்ந்தது. எய்லீன் இரண்டு காலிலும் சமமாக ஊன்றி நின்று பார்த்தாள். அவளுக்கு எங்கும் வலி இல்லை. லெஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்த இடம்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல" என்றான் அவன்.

எய்லீன் அடுப்பை அணைத்துவிட்டு, அவனுடைய ஷூக்களை எடுத்து வந்து முன்னால் வைத்தாள். அன்று செவ்வாய்க்கிழமை.