துண்டுக்கடியில் ஒரு கார்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. சுங்கை பினாங் சாலையோரம் அது விலைக்கு நின்றுகொண்டிருந்தது. பார்த்தும் பாராததுபோல் போயிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். நீங்களும் இந்தப் பத்திரிகையின் அடுத்த பக்கத்தில் தலைவலித் தைல விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

தொடக்கம் மூன்று எழுதினேன்.

"பேரழகி ஒருத்தி மூப்படைந்து வீதியில் நிற்பதுபோல் அந்த மோட்டார்" (வேண்டாம். காரைப் பெண்ணாக்கி எழுதுகிறவன் டயர் விலை விசாரித்ததில்லை என்று அர்த்தம்.)

"1932ஆம் ஆண்டு, ரப்பர் விலை தரையைத் தொட்டு, துரைமார்கள் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கப்பலேறி, அவர்களுடைய" (இதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இவ்வளவு மூச்சு வாங்காமல்.)

"ஹபீப் முகம்மது என்றொரு வியாபாரி."

இது இருக்கட்டும். எங்கள் கடைப்பாடம் இதுதான்: முதலில் ஆளுக்கு நாற்காலியைப் போடு, பேச்சு தானாக வந்து உட்காரும்.

2

ஹபீப் முகம்மதுக்குச் சூலியா தெருவில் பழைய சாமான் கடை. கப்பலில் கழித்த கயிறு, பாய்த்துணி, பித்தளை விளக்கு. பிறக்கும்போதே கூலி பேசி முடித்துவிட்டுத்தான் மருத்துவச்சியை உள்ளே விட்டார் என்று கடைத்தெருவில் கேலி செய்வார்கள். அவரும் மறுத்ததில்லை, கூலியில் கால்வாசி குறைத்ததாகத் திருத்துவார்.

செவ்வாய்க்கிழமை காலை ஜெலுத்தோங்கிலிருந்து ரிக்‌ஷாவில் திரும்பும்போது அந்தக் காரைக் கண்டார்.*

(*கம்பெனிப் பெயரைக் கேட்காதீர்கள். எழுதினால் விளம்பரமாகும், கம்பெனி எனக்கு ஒரு காசும் தரவில்லை.)

ஒரு சம்பான் படகு நீளம். நான்கு டயரும் தரையோடு தரை. பித்தளை விளக்குகளில் பச்சை பூத்திருந்தது. மூக்கின்மேல் இருந்த வெள்ளிப் பொம்மையை யாரோ கழற்றிப்போய், திருகாணி ஓட்டை மட்டும் மிச்சம். உள்ளே தோல் ஆசனம், பூ வைக்க ஒரு சின்ன வெள்ளிக் குவளை, குவளைக்குள் ஒரு கோழி இறகு. கண்ணாடியில் ஒட்டிய அட்டையில் அழகான குமாஸ்தா எழுத்து:

"கார் விற்பனைக்கு. வெள்ளி 120. உள்ளே கோழி அடைகிறது. கதவை மெதுவாகத் திறக்கவும்."

(வெள்ளி என்பது எங்கள் ஊர் டாலர்.) எழுதியவர் விநாசித்தம்பி. யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் கிராணி, அதாவது குமாஸ்தா. கம்பெனி மூடிவிட்டது. துரை கப்பலேறும்போது, "விநாசித்தம்பி, இந்தக் காரை நீ வைத்துக்கொள்" என்றாராம். வேறு துரையாக இருந்தால் கைக்கடிகாரம் கொடுத்திருப்பான்; அது ஓடியாவது இருக்கும். கிராணியாருக்குக் கார் ஓட்டத் தெரியாது. பங்களாவிலிருந்து இரண்டு மாடு கட்டி இழுத்துவந்து வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தார்.

"எத்தனை குதிரைச் சக்தின்னு கேக்கலாமா ஐயா?" என்றார் ஹபீப் முகம்மது.

"கடைசியா ரெண்டு மாட்டுச் சக்தி, தம்பி" என்றார் கிராணியார் சிரிக்காமல்.

ஆள் பிடித்துப்போயிற்று. அதுதான் ஆபத்து. பிடித்த ஆளிடம் எங்கள் தெருவில் சாமான் வாங்குவதில்லை.

3

அந்தக் காலத்துப் பெரிய கார்களில் ஒரு பேசும் குழாய் உண்டு. பின்னால் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்த துரை அதில் பேசினால், முன்னால் டிரைவரின் காதருகே கேட்கும். கார் செத்தாலும் குழாய் சாகவில்லை.

ஹபீப் முகம்மது ஸ்டீரிங் சக்கரத்தைத் திருப்பிப் பார்க்க முன்னால் ஏறி உட்கார்ந்தார். பின்னால் கிராணியாரும் அவர் மனைவி கமலாம்பிகையும் ஆசனத்துக்கடியில் முட்டை தேடிக்கொண்டிருந்தார்கள். குழாய் பேசியது, முதலில் கிராணியார் குரலில்.

"இஞ்சரும், நூத்திருவது வந்தாத்தான் எல்லாருக்கும் டிக்கெட்."

"குறைச்சுக் கேட்டா?"

"பாதி கேட்டாலும் குடுக்கத்தான் வேணும். ஊருக்குப் போற வெள்ளிக்கிழமைக் கப்பலை விட்டா இருக்க வீடுமில்லை. கையில கிடக்கிறதோட அது உமக்கும் ரெண்டு பிள்ளையளுக்கும் டிக்கெட்டுக்குக் காணும். நீங்கள் போங்கோ, நான் நிக்கிறன்."

"நிண்டு?"

"நிண்டு... பாப்பம்."

"உந்தப் 'பாப்பம்' எனக்கு வேண்டாம். போனா நாலு பேரும் போவம். முட்டையைக் கவனமாப் பிடியுங்கோ, உடைக்கப் போறியள்."

(இங்கே நான் பேனாவைக் கீழே வைத்தேன். எனக்கு ஹபீப் முகம்மதுமேல் சந்தேகம். காரில் ஏறும்போது தொண்ணூறுக்குக் கேட்கலாம் என்று மனதில் வைத்திருந்தார். இறங்கும்போது அது அறுபதாகிவிட்டது. இரக்கம் வரவேண்டிய இடத்தில் விலை இறங்குமா? வாசகர் நம்புவாரா? "அவர் கண்கள் கலங்கின" என்று ஒரு வாக்கியம் எழுதி அடித்தேன். கலங்கவில்லை. அடுத்தவன் அவசரம் காதில் விழுந்தால் கை தானாகக் குறைக்கும். ஏழு வயதில் பழகிய கை அது.)

4

துண்டுப் பேரம் தெரியாதவர்களுக்காக:

நாலு பேர் நடுவே விலையைச் சொன்னால் ஐந்தாவது ஆள் ஏற்றிக் கேட்பான். ஆகவே வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒரு துண்டுக்கடியில் கையை விடுவார்கள். விரலைப் பிடித்து அழுத்துவதுதான் விலை. மூன்று விரலை இரண்டு தரம் அழுத்தினால் ஆறு. ஆறா, அறுபதா, அறுநூறா என்பது சாமானைப் பார்த்தால் தெரியும். சம்மதமில்லையென்றால் வேறு விரலைப் பிடித்து எதிர்விலை சொல்லலாம். முழுக் கையையும் பற்றிக் குலுக்கினால் முடிந்தது. அதற்குப் பிறகு பேச்சில்லை.

காரைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஹபீப் முகம்மது தோளிலிருந்த துண்டை (நீலக்கட்டம், ஓரத்தில் சிவப்பு நூல் தையல்) எடுத்துக் கிராணியார் கைமேல் போட்டார். உள்ளே கையை விட்டார். மூன்று விரல். ஒரு தரம், இரண்டு தரம்.

எதிர்விலை வரும், எண்பதில் நிற்கும் என்று காத்திருந்தார்.

கிராணியார் முகம் மலர்ந்தது. முழுக் கையையும் பற்றி, இருபத்திரண்டு வருஷம் துரைமாரோடு பழகிய பழக்கத்தில், மேலும் கீழும் நன்றாகக் குலுக்கினார்.

"முடிஞ்சிச்சுலா!" என்று ரிக்‌ஷாக்காரன் கத்தினான்.

"சந்தோஷம் தம்பி. வியாழக்கிழமை காலமை கார்ப் பத்திரத்தோட வாறன். காசை அப்ப தந்தாக் காணும்."

அறுபதுக்கா! ஹபீப் முகம்மதுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. (கொஞ்சம் என்பதை அடிக்கலாமா? இருக்கட்டும்.)

5

புதன்கிழமை மாலை கிராணியார் கடைக்கு வந்தார். கையில் ஓலைப்பெட்டி. உள்ளே இரண்டு முட்டை.

"இது என்னய்யா?"

"இண்டைக்கு ரெண்டு கோழியும் காருக்குள்ள இட்டது. கார் நேற்றே உங்கட. அப்ப முட்டையும் உங்கட எண்டு மனுசி சொல்லிப்போட்டா."

"அட, கோழி உங்க கோழிதானே!"

"கோழி எங்கட. இட்ட இடம் உங்கட. கணக்கெண்டா கணக்குத்தான்." உட்கார்ந்தார். "தம்பி, இன்னொண்டு சொல்லோணும். பத்து நாளா எத்தனை பேர் வந்து காரைத் தட்டித் தட்டிப் பாத்திட்டுப் போனவங்கள். போட்ட விலைக்கு ஒரு சொல்லும் குறைச்சுக் கேளாமல் கை தந்தது நீங்கள் ஒராள்தான். அதுவும், என்ர கையில கிறீஸ் அழுக்கு எண்டு கண்டு துடைக்கத் துண்டும் போட்டியள் பாருங்கோ."

ஹபீப் முகம்மதுக்கு அப்போதுதான் விளங்கியது: துண்டுப் பேரமே தெரியாத மனிதர் நூற்றிருபதுக்குக் கை குலுக்கியிருக்கிறார்.

"கப்பலுக்குப் பேர் குடுத்திட்டன். நாலு பேர்."

"தேத்தண்ணி சாப்பிடுங்கய்யா" என்றார் ஹபீப் முகம்மது.

6

இதுவரை எழுதியதை என் மனைவி சித்தி ஹாஜராவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"இந்த ஹபீபு முகம்மதுக்குப் பொண்டாட்டி இல்லையா?"

"கதைக்குத் தேவைப்படல."

"அப்ப அந்த நீலக்கட்டத் துண்டுக்குச் சிவப்பு நூல்ல ஓரம் அடிச்சது யாரு?"

நான் காகிதத்தைத் திருப்பி வைத்தேன்.

"நீல நூல் தீந்துபோச்சுன்னு நான்தானே சிவப்புல அடிச்சேன். பினாங்கு முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு துண்டு கிடையாது. பேர மாத்தத் தெரிஞ்ச ஆளுக்குத் துண்ட மாத்தத் தெரியல. இதுல பத்திரிகைல வேற எழுதுறாரு." முறத்தை வைத்துவிட்டு அடுப்படி மாடத்தைக் காட்டினாள். "அந்த ரெண்டு முட்டையும் கற்பனையா? இறகு ஒட்டியிருக்குங்க."

சரி. மேலே ஹபீப் முகம்மது என்று வரும் இடமெல்லாம் 'நான்' என்று படித்துக்கொள்ளுங்கள். அடித்துத் திருத்தினால் காகிதம் கிழிந்துவிடும்.

7

முடிவுகள் மூன்று கைவசம் உள்ளன. தட்டிப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் முடிவு: குலுக்கியது குலுக்கியதுதான். ரிக்‌ஷாக்காரன் சாட்சி. அறுபது கொடுக்கிறேன். ஆயர் ஈத்தாமில் கல்யாணத்துக்கு வண்டி வாடகைக்கு விடும் சீன முதலாளி, தௌக்கே, அந்தக் காருக்கு இருநூற்றைம்பது தரத் தயார். கப்பல் மேல்தட்டில் கமலாம்பிகையும் இரண்டு பிள்ளைகளும். துறைமுக ஜெட்டியில் கிராணியார், கையில் குடை. அவர் என்னைப் பார்த்தும் கையசைப்பார். (அந்தக் கையை என்னால் எழுத முடியவில்லை. இரண்டு தரம் முயன்றேன்.)

இரண்டாம் முடிவு: வாயைத் திறக்காமல் நூற்றிருபது கொடுத்துவிடுகிறேன். வாசகர்கள் கண் துடைக்கிறார்கள். ஆனால் குழாயில் ஒட்டுக்கேட்டவனுக்கு 'நல்ல மனுஷன்' பட்டமும் சேர்ந்து போகும். அறுபது வெள்ளிக்கு அந்தப் பட்டம் கொள்ளை மலிவு. மலிவாக வருவதைக் கண்டால் எனக்கு எப்போதும் சந்தேகம்.

மூன்றாம் முடிவு: உண்மையைச் சொல்லிவிடுவது. குழாய், விரல், அறுபது, எல்லாம். இதைத்தான் நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள். கிராணியாரை இன்னும் நீங்கள் சரியாக அறியவில்லை. கேட்டுவிட்டுச் சிரிப்பார். "அப்ப நான் கை தந்தது அறுவதுக்கோ? தந்தது தந்ததுதான் தம்பி" என்று சொல்லி, பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார். கணக்கென்றால் கணக்கு. இட்ட இடத்துக்கு முட்டை கொண்டுவந்த மனிதர். அவரிடம் உண்மையைச் சொல்வதுகூட விலையைக் குறைக்கிற வழியாகிவிடும்.

நான்காவது முடிவு

8

இன்று வியாழக்கிழமை. நான்காவதை எழுத உட்கார்ந்தேன், எழுந்தேன், கடை வாசல்வரை போய்விட்டு வந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். பெட்டியைத் திறந்து அறுபது வெள்ளியை ஒரு உறையிலும் நூற்றிருபதை இன்னொன்றிலும் போட்டு வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக் கப்பலுக்கு வெள்ளிதான் வேண்டும், கதை வேண்டாம்.

"ஏங்க, தண்ணி கொதிக்குது" என்கிறாள் சித்தி ஹாஜரா அடுப்படியிலிருந்து. "முட்டைய உள்ள போடவா? இல்ல, வந்த ஓலைப்பெட்டியிலேயே வைக்கவா?"

"கொஞ்சம் பொறு."

"நான் பொறுப்பேன். தண்ணி பொறுக்காது."

வெளியே மரப்படியில் செருப்புச் சத்தம். அவர்தான். துரை வீட்டுப் பழக்கம். திறந்திருக்கும் கதவையும் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். இதோ, தட்டிவிட்டார்.

"வாங்கய்யா, உக்காருங்க. நான் ஒங்ககிட்ட சொல்லணும்னு"

இதற்கு மேல் எழுத நேரமில்லை, வாசகரே. நீலக்கட்டத் துண்டு மேசைமேல் விரித்திருக்கிறது. அதனடியில் என் கை இருக்கிறது. எத்தனையாவது முடிவு என்று சொல்ல உங்கள் கையையும் உள்ளே விடுங்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், வாய்விட்டு எதுவும் சொல்லிவிடாதீர்கள்.

விரலை மட்டும் அழுத்துங்கள்.