கைலாசநாதனின் ஒற்றைக் கை

இன்ஸ்பெக்டர் கைலாசநாதன் துப்பாக்கியோடு நிற்கிற தோரணையைப் பார்த்தாலே சப்-இன்ஸ்பெக்டர் பாக்கியத்துக்கு எரிச்சல் வரும். இடது கை இடுப்பில். நெஞ்சு நிமிர்ந்து, வலது கை விறைப்பாக நீண்டிருக்கும். ஸ்டூடியோவில் படம் பிடிக்க நிற்கிற புது மாப்பிள்ளை கெட்டான். குண்டு எங்கே போகிறது என்ற கவலை மட்டும் அவருக்கு இருந்ததே இல்லை.

எண்பத்தொன்றில், மதுரைக்கு மேற்கே மலையடிவாரப் பொட்டலில் வருஷாந்திர சுடும் பயிற்சி நடந்தது. முதலில் அவர்தான் சுட்டார். முதல் குண்டு பலகையின் ஓரத்தில் பட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு வெடிக்கும் ரிவால்வர் உள்ளங்கைக்குள் புரண்டு மூக்கைத் தூக்கியது. அதைச் சரிப்படுத்தாமலே அடுத்ததைச் சுட்டார். மிச்சமெல்லாம் பலகைக்கு மேலே பறந்து மண்மேட்டில் புழுதி கிளப்பின.

"தோட்டா பழசு. நமத்துப் போச்சு," என்றார்.

பாக்கியம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். போன வருஷம் இதே மனுஷன், "பூவைப் பிடிக்கிற மாதிரி லேசாப் பிடிம்மா" என்று சொல்ல, நம்பிப் பிடித்தாள். மணிக்கட்டு வீங்கி, சோற்றைப் பிசையக்கூட முடியாமல் கிடந்தாள். பசுமலையில் வாத்தியாராக இருந்த அவள் அப்பா தனிஸ்லாஸ், "இந்த வேலை வேண்டாம் தாயி" என்றார். அவள் விடவில்லை. ஸ்டேஷனில் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் தோட்டா இல்லாத ரிவால்வரைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். லேசாக, அதுவும் கைப்பிடியைத் தாழப் பிடித்ததால்தான் சுட்டபோது அது எகிறியது என்று புரிந்தது.

இப்போது தன் முறை வந்ததும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையைக் கைப்பிடியின் உச்சிவரை ஏற்றி அழுத்தினாள். வலது கை விரல்களின் மேல் இடது கையைப் பொத்தி இறுக்கினாள். முழங்கை லேசாக மடங்கியிருந்தது.

"என்னம்மா இது, ரெண்டு கையால? தண்ணிக் குடமா தூக்குற?" என்றார் கைலாசநாதன்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சுட்டாள். மூக்கு கொஞ்சம் எழும்பி, தானாகப் பழைய இடத்துக்கே வந்தது. ஆறு குண்டும் பலகையின் நடுவில், ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்திருந்தன. சிரிப்பு நின்றது.

"செல்லாது. ஒத்தக் கையாலதான் சுடணும். அதான் முறை," என்றார்.

"சரிங்க சார்."

ஒற்றைக் கையாலும் அதே உயரத்தில் இறுக்கிப் பிடித்துச் சுட்டாள். இந்தத் தடவை துளைகள் கொஞ்சம் சிதறியிருந்தன. ஆனால் ஒன்றுகூட வெளியே போகவில்லை.

கைலாசநாதன் பலகையை வெகுநேரம் பார்த்தார். "இன்னைக்குக் காத்து கம்மி," என்றார்.

அடுத்த வருஷப் பயிற்சியில் கான்ஸ்டபிள்கள் பாதிப்பேர் கைப்பிடியின் உச்சியைப் பிடித்துத்தான் சுட்டார்கள். மேலதிகாரி விசாரித்தபோது, "நான்தான் சார் பழக்கினேன்," என்றார் கைலாசநாதன், கூச்சமே இல்லாமல்.

கான்ஸ்டபிள் சோணைமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா இம்புட்டுப் பொய் சொல்றாரு, நீங்க வாயே திறக்க மாட்றீகளே?" என்று கிசுகிசுத்தான்.

"அவருகிட்டப் பேசி என்ன ஆகப்போகுது? அதுக்கு அந்த மண்மேட்டுகிட்டப் பேசலாம்," என்றாள் பாக்கியம். கையிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துணியில் துடைத்துவிட்டு வேனில் ஏறினாள்.