சுந்தரவல்லி மாற்றி ஒட்டிய லேபிள்

சுந்தரவல்லிக்கு அந்தக் கண்ணாடிக் குழாயின் மேல் இருந்த அக்கறை கட்டிய தாலியின் மேல்கூட ஒருத்திக்கு இருக்காது. சுண்டுவிரல் தடிமன் குழாய். அதில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மஞ்சள் திரவம். அவளுடைய நான்கு வருஷ உழைப்பில் மிஞ்சியது அவ்வளவுதான்.

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நூல்கற்றை ஒன்று உருவாகி, இருப்பதைப் பாதிப் பாதியாக இரு பக்கமும் இழுக்கும். அந்த நூல் டியூபுலின் என்ற புரதத்தால் ஆனது. ஆட்டு மூளையிலிருந்து அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்து முயலுக்கு ஊசி போட்டால், முயலின் ரத்தம் அதை அந்நியன் என்று கண்டுகொண்டு எதிர்ப்பொருள் தயாரிக்கும். அந்த எதிர்ப்பொருள்தான் குழாயில் இருந்த மஞ்சள் திரவம். அதைச் செல்லின் மேல் விட்டுச் சாயம் ஏற்றினால், நுண்ணோக்கியில் நூல்கற்றை பச்சையாக ஒளிரும். ஊசி போடுவதற்கு முன் அதே முயலிடம் எடுத்து வைத்த சாதா சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிநீரை, விட்டால் ஒன்றும் ஒளிரக் கூடாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால்தான் உலகம் நம்பும். சுந்தரவல்லி காட்டியிருந்தாள். கட்டுரையும் எழுதி முடித்தாயிற்று. பேராசிரியர் ராமதாஸ் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்ப்பதுதான் பாக்கி.

முயல் சித்திரை வெயிலில் செத்துப்போனது. உதவித்தொகை மார்கழியோடு முடிகிறது. இன்னொரு முயலுக்கு ஊசி போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க நேரமில்லை. அதனால் தினமும் காலையில் காளவாசலில் பஸ் மாறி, நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் இருந்த அந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்ததும் முதல் வேலையாகக் குளிர்பெட்டியைத் திறந்து குழாயைப் பார்ப்பாள். திரவம் நிற்கும் மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள்.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, திரவம் கோட்டுக்கு ஒரு நெல் அளவு கீழே நின்றது. அடுத்த திங்கட்கிழமை இன்னொரு நெல். யாரோ எடுக்கிறார்கள்.

அந்த அறையில் அவளைத் தவிர இருப்பவன் நல்லகாமன் ஒருவன். சோழவந்தான் பக்கத்து விவசாயக் குடும்பம். அவளுக்கு ஒரு வருஷம் ஜூனியர், வாய்க்கு வாய் அக்கா என்பான். கறிக்கடையில் நின்று ஆட்டு மூளை கேட்க அவள் கூசியபோது, விடிகாலையில் காளவாசல் கடைக்குப் போய் ஐஸில் வைத்து வாங்கிவந்து கொடுத்தவனே அவன்தான். ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் செய்த உதவியே முதல் சாட்சியாகிவிடுகிறது. எதற்காக இவ்வளவு உதவினான்? எதிர்பார்ப்பில்லாமல் யாராவது ஆட்டு மூளை சுமப்பார்களா? போன மாதம்வரை மங்கிக் கிடந்த அவன் நுண்ணோக்கிப் படங்கள் இப்போது மட்டும் பளிச்சென்று வருவது எப்படி? அவள் உள்ளே நுழைந்தால் குளிர்பெட்டியை ஏன் டப்பென்று சாத்துகிறான்?

வாயைத் திறந்து கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். சுந்தரவல்லி கேட்கிற ரகமில்லை. கையும் களவுமாகப் பிடிக்கிற ரகம்.

வெள்ளிக்கிழமை மதியம் அவன் சாப்பிடப் போன நேரம் பார்த்து, எதிர்ப்பொருள் குழாய், அதன் பக்கத்தில் இருந்த சாதா சீரக் குழாய் இரண்டின் லேபிளையும் ஈரத்துணியால் ஊறவைத்து உரித்தாள். எதிர்ப்பொருளின் லேபிளைச் சாதா சீரத்திலும், சாதா சீரத்தின் லேபிளை எதிர்ப்பொருளிலும் ஒட்டினாள். திருடுகிறவன் இனிச் சாதா சீரத்தைத்தான் திருடுவான். அவன் படம் இருண்டுபோகும். அப்போது பார்த்துக்கொள்ளலாம். வேலையைக் காதும் காதும் வைத்தாற்போல முடித்துவிட்டு, அன்றைக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை நல்லகாமனின் படம் இருளவில்லை. பேராசிரியரின் முகம் இருண்டிருந்தது.

"ஏம்மா, உள்ள வா" என்றார். மேஜையில் அவள் கட்டுரை கிடந்தது. மேலே குறுக்காகச் சிவப்புக் கோடு. "நேத்து ஞாயித்துக்கிழமை உன் பரிசோதனைய நானே செஞ்சு பாத்தேன். மூணு வாரமாப் பாக்குறேன். போன ரெண்டு வாரமும் நல்லா வந்துச்சு. நேத்து உன் எதிர்ப்பொருள் ஒளிரவே இல்ல. ஊசி போடுறதுக்கு முந்தி எடுத்த சீரம் பச்சப்பசேல்னு எரியுது. இதுக்கு என்ன அர்த்தம்?"

அவளுக்கு அர்த்தம் தலையில் விழுந்தது. மாணவர்கள் கொண்டுவரும் எதையும் தன் கண்ணால் ஒருமுறை பார்க்காமல் வெளியே அனுப்பாத மனிதர் அவர். ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமையில் வந்து, யாரிடமும் சொல்லாமல் செய்து பார்ப்பார். ஒவ்வொரு நெல்லும் அவர் எடுத்தது. அவரும் அவளைச் சந்தேகப்பட்டுத்தான் எடுத்திருக்கிறார்.

"ஒண்ணு, எந்தக் குழாயில எது இருக்குன்னு உனக்கே தெரியாம இருக்கணும். இல்ல, நீ எனக்குக் காட்டுனதெல்லாம் பொய்யா இருக்கணும். எதுவா இருந்தாலும் இந்தக் கட்டுரை போகாது."

அந்த நேரம் பார்த்துத்தானா நல்லகாமன் தன் படங்களோடு உள்ளே வரவேண்டும்! சுந்தரவல்லி சட்டென்று சௌராஷ்டிரத்துக்கு மாறினாள். அது அவளுக்கும் பேராசிரியருக்கும் வீட்டு மொழி. அடுத்தவர் காதில் விழக்கூடாத எதையும் அவர்கள் அதில்தான் பேசிக்கொள்வது. லேபிளை மாற்றியது தான்தான் என்று படபடவென்று சொல்லத் தொடங்கினாள்.

ராமதாஸ் கையை உயர்த்தினார். "தமிழ்ல சொல்லு."

"சார்..."

"இந்த ரூம்ல அவனும் வேலை செய்யிறான். அவனுக்குத் தெரியக்கூடாத காரணம்னா அது என்ன காரணம்? தமிழ்ல சொல்லு."

தவறிப்போய் மாற்றி ஒட்டிவிட்டேன் என்று சொல்லலாம். ஆனால் லேபிளைத் தவறி மாற்றுகிறவள் நான்கு வருஷத்தில் எத்தனை முறை தவறினாளோ என்ற கேள்வி வரும். உண்மையைச் சொன்னால் ஆராய்ச்சி பிழைக்கும், முகம் போகும். அவள் ஆராய்ச்சியைத் தேர்ந்தெடுத்தாள். நல்லகாமனைப் பார்க்காமல், மேஜைக் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"குழாயில கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு சார். நல்லகாமன்தான் எடுக்குறான்னு நெனச்சேன். பிடிக்கிறதுக்காக மாத்துனேன்."

நல்லகாமன் கையிலிருந்த படங்களை அடுக்கினான். மறுபடி அடுக்கினான்.

"நீ சொல்றத நான் எப்படி நம்புறது?" என்றார் பேராசிரியர். "மாத்துனேங்கிறது இப்பத்தான் கண்டுபிடிச்ச கதையாவும் இருக்கலாம்ல?"

அவரே வழியும் சொன்னார், லேபிளை நம்பாமல் திரவத்தையே கேட்கிற வழி. ஒளிர்கிற சீரத்தில் தூய டியூபுலினைக் கலந்தால், எதிர்ப்பொருள் அதையே பற்றிக்கொண்டு செல்லுக்குப் போகாது. ஒளி அணையும். வேறு புரதத்தைக் கலந்தால் அணையாது. இப்படி எட்டுக் கண்ணாடித் தகடு. எதில் எது கலந்தது என்பது தயாரிக்கிறவனுக்கு மட்டும் தெரியும். அவள் பார்த்துவிட்டு ஒளிர்கிறதா இல்லையா என்று எழுத வேண்டும்.

"தயாரிக்கப்போறது நல்லகாமன்" என்றார்.

சுந்தரவல்லி நிமிர்ந்தாள்.

"உன்னக் காப்பாத்த அவனுக்கு இனிமே ஒரு காரணமும் இல்ல. அதனாலதான் அவன்."

மீதியிருந்த சீரம் ஒரே ஒரு தடவைக்குத்தான் போதும். அத்தனையையும் நல்லகாமன் ஒரு துளி சிந்தாமல் எட்டுத் தகட்டிலும் விட்டான். இரண்டு நாள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள் அவள். அவன் நினைத்தால் ஒரு எண்ணை மாற்றி எழுதினால் போதும். நான்கு வருஷமும் சாக்கடையில் போகும். கேட்பார் கிடையாது. அவள் அவன் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பாள்? அந்தக் கேள்விக்கு மட்டும் அவள் பதில் தேடவில்லை.

புதன்கிழமை இருட்டறைக்குள் உட்கார்ந்து எட்டையும் பார்த்தாள். ஒன்று, நான்கு, ஐந்து, எட்டு: நூல்கற்றை பச்சையாக எரிந்தது. மற்ற நான்கும் கரி. எழுதிப் பேராசிரியரிடம் கொடுத்தாள். நல்லகாமன் சட்டைப் பையிலிருந்து, எந்த எண்ணில் எது என்று குறித்து மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்தான். இரண்டையும் மேஜைமேல் வைத்து வரிவரியாக ஒப்பிட்டான்.

"நாலு தகட்டுல டியூபுலின், நாலு தகட்டுல வேற புரதம். எட்டும் சரியா இருக்கு சார்" என்றான். "அவங்க எதிர்ப்பொருள் நல்ல எதிர்ப்பொருள்தான்."

பேராசிரியர் சிவப்புக் கோடு போட்ட தாளைக் கிழித்துப் போட்டு, "நாளைக்கு வேற டைப் அடிச்சுக் கொண்டா. கையெழுத்துப் போட்டுத் தாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுந்தரவல்லி மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சத்தியமாக அதற்குத்தான் திறந்தாள். ஆனால் அதற்குள் அவளுடைய கை தானாக நீண்டுவிட்டது, அவன் மடிக்கப் போன அந்தக் காகிதத்தை நோக்கி.

நல்லகாமன் அந்தக் கையைப் பார்த்தான். காகிதத்தை மறுபடி பிரித்து, அவளுக்கு நேராகத் திருப்பி மேஜைமேல் வைத்தான்.

"நல்லாப் பாத்துக்கங்க மேடம்" என்றான்.