மின்சாரம் போன மதியம்

எட்டாம் மாதத்தில் காலர்காரியின் வயிறு தையல் மிஷின் பலகையை முட்டத் தொடங்கியது. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினால் கை எட்டவில்லை. கை எட்டினால் வயிறு முட்டியது. முட்டட்டும் என்று விட்டுவிட்டாள். கீழே மோட்டார் ஓட, பலகை அதிர, சட்டைக் காலர்கள் ஊசிக்கடியில் போய்க்கொண்டிருந்தன.

பக்கத்து மிஷினில் பொத்தான் துளை போடும் காஜா அக்கா இரண்டு பெற்றவள்.

"புள்ள அசையுதாடி?"

"அசையறதாவது! காலையிலேருந்து ஒரே ஆட்டம். உள்ள உட்கார்ந்து அவனும் தைக்கறான் போல."

வரிசையே சிரித்தது. மேஸ்திரி முறைத்தார்.

அசைவு குறைந்தால் உடனே வந்துவிட வேண்டும், விடியட்டும் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னது அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. குறையவே இல்லையே, பிறகென்ன? வீட்டில் சாதுவாக இருக்கிற பிள்ளை, வேலைக்கு வந்ததும் குஷியாகிவிடுகிறது. அப்பனைப் போல இல்லை, உழைக்கிற ஜாதி என்று பெருமை வேறு. அதைக் கணவனிடமே சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அன்று மதியம் மின்சாரம் போனது. மிஷின்கள் மொத்தமாக அடங்கின. பெண்கள் சோம்பல் முறித்தார்கள், யாரோ கொட்டாவி விட்டார்கள். காலர்காரி மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பலகை அசையவில்லை. வயிறும் அசையவில்லை. மெல்லத் தட்டிப் பார்த்தாள். கையை மாற்றி வைத்துப் பார்த்தாள். நேற்று வீட்டில் எப்போது உதைத்தது என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை.

"அக்கா... ஆடினது மிஷின்க்கா."

காஜா அக்கா எழுந்து அவள் கையைப் பிடித்தாள். இனிப்பாக எதையாவது குடித்துவிட்டுக் கொஞ்சம் படுத்துப் பார்க்கட்டுமே என்றாள் ஒருத்தி.

"அதெல்லாம் ஆஸ்பத்திரியில போய்ப் படுத்துக்குவா," என்றாள் காஜா அக்கா.

"இப்ப கரன்ட் வந்துடும், ரெண்டு பேரும் எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் மேஸ்திரி.

"வந்தா வரட்டும். வழிய விடுங்க."

ஆட்டோ கிளம்பியதும் சீட் நடுங்கியது, கம்பி நடுங்கியது, அவள் முழங்கால்களும் நடுங்கின.

"அசைஞ்ச மாதிரி இருக்குக்கா," என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பயமாக இருந்தது. இத்தனை நாள் சிரித்துக்கொண்டிருந்த தன் மேலேயே ஆத்திரமாகவும் இருந்தது. காஜா அக்கா அவள் தோளை அணைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரித் தெருமுனையில் சிவப்பு விழுந்தது.

"அண்ணா, இன்ஜின கொஞ்சம் அணைங்க," என்றாள் காஜா அக்கா.

டிரைவர் திரும்பி அந்த வயிற்றைப் பார்த்தார். ஏன் என்று கேட்காமல் அணைத்தார். காலர்காரி இரண்டு உள்ளங்கைகளையும் வயிற்றில் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பச்சை விழுந்தது. பின்னாலிருந்த வண்டிகள் ஹார்ன் அடித்தன. டிரைவர் சாவியில் கை வைத்தபடி, கண்ணாடியில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.