சம்பந்தியம்மாவோடு ஒரு மலைச்சுற்று

கல்யாணம் முடிந்து ஏழு மாதமாகியும் சம்பந்தியம்மாக்கள் இருவரும் மரியாதையை விட்டு இறங்கவில்லை. பெண்ணின் அம்மா தையல்கடைக்காரி. பையனின் அம்மா ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவள். மலைப்பாதைக்கு மகள், மருமகனோடு நால்வருமாகத்தான் கிளம்பினார்கள். காரை விட்டு இறங்கும்போதே மகளுக்குக் கால் பிசகிவிட்டது. மருமகன் அவளைக் கைத்தாங்கலாக டீக்கடைக்குக் கூட்டிப் போனான்.

"வந்ததுக்கு நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றாள் மகள்.

எட்டு கிலோமீட்டர் சுற்றுப்பாதை. கம்பத்துக்குக் கம்பம் மஞ்சள் அம்பு. டீக்கடைக்கு எதிரே இருந்த முதல் கம்பத்தில் மட்டும் இரண்டு பக்கமும் அம்பு இருந்தது.

"எந்தப் பக்கம் போலாம்?"

"உங்க இஷ்டம் சம்பந்தியம்மா."

"உங்க சௌகரியம்தான் முக்கியம்."

மகளுக்குப் பொறுமை போய்விட்டது. "எப்படிப் போனாலும் இங்கதான் வந்து நிப்பீங்க. கிளம்புங்கம்மா."

ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. நிற்கலாமா என்று கேட்க இருவருக்கும் வாய் வரவில்லை. லேப்காரம்மா அவ்வப்போது நின்று, "இந்த மரம் எவ்வளவு அழகா இருக்கு" என்பாள். தையல்காரம்மாவும் நின்று மரத்தைப் பார்ப்பாள். ஐந்தாவது மரத்தில் அவளுக்கு விஷயம் புரிந்தது.

"இனிமே மரம் வேண்டாங்க. உக்காந்துடலாம்."

பாறையில் உட்கார்ந்து அவள் ஷூவைக் கழற்றியபோது குதிகாலில் பெரிய கொப்புளம். லேப்காரம்மா அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தையல்காரம்மா கூச்சத்தில் இழுத்தும் விடவில்லை. பையிலிருந்த பஞ்சையும் பிளாஸ்திரியையும் எடுத்து நிதானமாக ஒட்டினாள்.

"இதோடவா இவ்வளவு தூரம் நடந்தீங்க?"

"நீங்க உக்காரலாம்னு சொல்லவே இல்லையே."

"நீங்க சொல்வீங்கன்னுதான் நானும் நடந்தேன்."

சிரிப்பு அடங்க வெகுநேரமானது. அதற்குப் பிறகு பேச்சுக்குத் தடை இல்லை.

"என் பொண்ணுக்குக் கோபம் வந்தா மூணு நாள் பேசமாட்டா. அதான் எனக்குக் கவலை."

"கவலையே படாதீங்க. அவ பேசலைங்கறது என் பையனுக்குத் தெரியவே நாலு நாள் ஆகும்."

இறக்கத்தில் வயதைக் கேட்டுக்கொண்டார்கள். லேப்காரம்மா இரண்டு வயது மூத்தவள். "அப்ப அக்கான்னே கூப்பிடுறேன்" என்றாள் தையல்காரம்மா. சறுக்கலான இடங்களில் அக்காவின் தோளைப் பிடித்துக்கொள்ள அவள் யோசிக்கவில்லை.

சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் தாமதம். டீக்கடை வாசலிலேயே மருமகன் நின்றிருந்தான். மகள் நாற்காலியிலிருந்தபடி கேட்டாள்: "ஏம்மா இவ்வளவு நேரம்? ரெண்டு பேருக்கும் ஏதாவது வாக்குவாதமா?"

"எங்களுக்கு என்னடி வாக்குவாதம்? பேசிட்டே வந்தோம்."

"என்ன பேசினீங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லேப்காரம்மா மகனிடம் திரும்பி, இரண்டு டீ சொல்லச் சொன்னாள். தங்கச்சிக்குச் சர்க்கரை கம்மியாக.